ராமு வாங்கிய ஜோடி

ஈப்போ,
2 ஜூன் 2024

நாச்சாளுக்குக் கண்ணம்மை எழுதுவது.

உன் கைப்பேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். மூன்று முறை அழைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உன் வீட்டுக்காரர், தம்பி அழகப்பன் மட்டும் ஒரு நாள் எடுத்து, "ஆச்சி, அவ பேசமாட்டேங்கறா, நான் என்ன செய்யட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால்தான் காகிதம். கல்யாணமாகி வந்த பிறகு நான் யாருக்கும் இப்படி உட்கார்ந்து எழுதியதில்லை. கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ராமு போய் முப்பத்தேழு நாள் ஆகிறது. நீ பெற்று நான் வளர்த்த பிள்ளை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை, படிக்க உனக்கும் இருக்காது. எழுதுகிற காரியம் வேறு.

காய்ச்சல் வருவதற்குப் பத்து நாள் முன்னால் அவன் ஒரு ஜோடிக் குருவி வாங்கி வந்தான். ஃபின்ச் என்றான். சாம்பல் நிறம், கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிது, இரண்டுக்கும் சிவந்த மூக்கு. ஒன்றுக்கு மட்டும் கன்னத்தில் ஆரஞ்சு நிறத்தில் திட்டு இருக்கும், அதுதான் ஆண் என்று காட்டினான். வாங்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்டான். "அம்மா, இப்பவாச்சும் குருவி வளர்க்கட்டுமா?" இருபத்தொன்பது வயதில், கடை மொத்தத்தையும் பார்த்துக்கொள்கிறவன் இப்படிக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி என்றேன்.

இப்போது அந்த ஆண் குருவி கூண்டின் தரையில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கத்துவதில்லை. வீட்டு வேலைக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிறாளே மங்களம், அவள் "நொய் போட்டா தின்னும்லா ஆச்சி" என்றாள். போட்டேன், தொடவில்லை. கிண்ணம் நிறைய விதை இருக்கிறது, அதையும் தின்பதாகத் தெரியவில்லை. குருவிப் பேச்சையெல்லாம் அவன் உன்னிடம்தான் பேசுவான். போனை வைத்துக்கொண்டு வாசலில் நின்று சிரிப்பது எனக்குக் கேட்கும்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

கண்ணம்மை


பாகான் செராய்,
9 ஜூன் 2024

கண்ணம்மை ஆச்சிக்கு,

குருவிக்காக எழுதுகிறேன். உங்களுக்காக இல்லை.

கிண்ணம் நிறைய இருப்பது விதை இல்லை, உமி. ஃபின்ச் விதையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் போடும். ஊதிப் பாருங்கள், அடியில் ஒன்றும் இருக்காது. நிறைந்த கிண்ணத்துக்கு முன்னால் பட்டினி கிடக்கிறது அந்த ஜீவன். தினமும் காலையில் உமியை ஊதிவிட்டுத் தினை போடுங்கள். நொய் வேண்டாம். கணவாய் மீனின் ஓடு ஒன்று வாங்கிக் கம்பியில் செருகுங்கள், கொத்தட்டும். வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டையை மசித்துக் கொஞ்சம் வையுங்கள். தட்டையான தட்டில் தண்ணீர் வைத்தால் குளிக்கும். காற்று ஆகாது. கூண்டை மின்விசிறிக்குக் கீழேயோ சன்னலுக்கு நேராகவோ வைக்காதீர்கள். ஆணையும் பெண்ணையும் ஒரு நாள்கூடப் பிரிக்கக் கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கமாட்டீர்கள். ஏழு வயதில் ராமு வயலில் இரண்டு பிப்பிட் குருவி பிடித்துவந்து எங்கள் கடைக்குப் பின்னால் கொல்லையில் வளர்த்தான். அதுவும் இந்தச் சாதிதான். பதினொரு வயதில் உங்கள் வீட்டுக்குக் கிளம்பியபோது அந்தக் கூண்டையும் கையில் பிடித்துக்கொண்டு காரில் ஏறப் போனான். "கூண்டில் அடைப்பது பாவம், வைத்துவிட்டு வா" என்றீர்கள். நான்தான் அதுகள் சாகும் வரைக்கும் தினை போட்டேன்.

குருவி விஷயம் முடிந்தது. வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் கேட்க வேண்டுமா?

பத்திரிகையில் அவன் படத்தைப் போட்டு அறிவிப்புக் கொடுத்தீர்களே. தந்தை ராமசுப்பிரமணியன், தாய் கண்ணம்மை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் சித்தப்பா அழகப்பன், சித்தி நாச்சாள். சித்தி. நான் அந்தப் பக்கத்தை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். அவன் போன அன்று மாலை ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்து "ராமுவுக்கு மோசமா இருக்கு, வா" என்றீர்கள். நாங்கள் வழியில் கமுந்திங் தாண்டும்போது ஆறு நாற்பது. அவன் போய்விட்டான் என்று உங்கள் வீட்டுப் பெரியவர் போன் செய்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் போய் டாக்டரைப் பார்த்தார்கள். டெங்கிக் காய்ச்சல் அன்று மதியமே முற்றிவிட்டது, நாலு மணிக்கே வீட்டாரை எல்லாம் வரச் சொன்னோம் என்று அவர் சொன்னாராம். நாலு மணிக்குச் சொல்லியிருந்தால் அஞ்சரைக்கு நான் அவன் பக்கத்தில் இருந்திருப்பேன்.

நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

நாச்சாள்


ஈப்போ,
18 ஜூன் 2024

நாச்சாளுக்கு,

உமியை ஊதிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. இத்தனை நாள் வெறும் உமியை வைத்துக்கொண்டு அதைப் பட்டினி போட்டிருக்கிறேன். தினை போட்டதும் இரண்டும் தலையைத் தூக்காமல் தின்றன. பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது ஆண் குருவி காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பாட்டு என்று சொல்ல முடியாது, பொம்மையை அமுக்கினால் வருகிற சத்தம். மங்களத்துக்கு ஒரே சிரிப்பு. தட்டில் தண்ணீர் வைத்தேன், பெண்தான் முதலில் குளித்தது. கணவாய் ஓட்டுக்கு மார்க்கெட்டில் மீன்காரனிடம் போய் நின்றேன். "ஆச்சி எப்பலேர்ந்து கவிச்சி வாங்குறீங்க" என்று கேலி செய்தான். கூண்டுக்குள் சின்ன மூங்கில் கூடு ஒன்றை ராமு கட்டியிருந்தான். அதற்குள் நார் நாராக எதையோ கொண்டுபோய்த் திணிக்கின்றன. நீ காற்று ஆகாது என்றாய், அதனால் கூடத்திலிருந்து எடுத்து அவன் அறையில் வைத்துவிட்டேன். அங்கே ஒரு சன்னல்தான், அதையும் சாத்தியே வைத்திருக்கிறேன்.

அறிவிப்பு விஷயம். உங்கள் பெரியவர் எழுதிக் கொடுத்தது அது. பிள்ளை கூட்டிச் சுவீகாரம் எடுத்த பிறகு முறை அப்படித்தானே மாறுகிறது, அவர் முறைப்படிதான் எழுதினார். அச்சாகி வந்த பிறகுதான் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்பதும் உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் ஒரே குழப்பம். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். நேரம் எனக்குச் சரியாக நினைவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்ணம்மை


பாகான் செராய்,
25 ஜூன் 2024

ஆச்சிக்கு,

எந்தக் குருவி முதலில் குளித்தது என்பது வரைக்கும் நினைவிருக்கிறது. பிள்ளை செத்த அன்றைக்கு மணி மட்டும் நினைவில்லை. நல்ல ஞாபகசக்தி உங்களுக்கு.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. 2006இல் நீங்களும் பெரியவரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். "உனக்கு ரெண்டு இருக்கு நாச்சா. எங்களுக்கு ஒண்ணக் குடு." என் வீட்டில் இவர்கள் அண்ணன் பேச்சைத் தட்டமாட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, தலையாட்டச் சொன்னார்கள். பெரியவன் படிப்பில் கெட்டி, அவனை விடமுடியாது என்று ராமுவை எடுத்துக்கொண்டீர்கள். கோயிலில் மஞ்சள் தண்ணீரை அவன் கையில் ஊற்றினார்கள். அதைக் குடித்துவிட்டால் அவன் உங்கள் பிள்ளை. பதினொரு வயசுப் பையன், குடிப்பதற்கு முன்னால் திரும்பி என்னைப் பார்த்தான். நான் குடி என்று கண்ணைக் காட்டினேன். அந்தக் கண்ணை நான் பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும்.

உங்களை எதிரி என்று நான் அன்று நினைக்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, பாவம் என்றுதான் நினைத்தேன். இப்போது என் வீட்டிலும் இல்லை. பெரியவன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், காரியத்துக்கு வந்தவன் பத்தாம் நாள் விமானம் ஏறிவிட்டான்.

இப்போது நான் கேட்கிறேன். உங்களுக்கு இரண்டு இருக்கிறது. எனக்கு ஒன்று கொடுங்கள். அந்தக் குருவியில் ஒன்றைக் கொடுங்கள். அவன் சட்டை, அவன் வண்டி, அவன் தலையணை எல்லாம் உங்களிடம். என்னிடம் இருப்பது ஒரு பழைய கூண்டும் ஐந்தாம் வகுப்புப் படமும்தான்.

நாச்சாள்


ஈப்போ,
3 ஜூலை 2024

நாச்சாளுக்கு,

உன் கடிதத்தை உங்கள் பெரியவருக்குக் காட்டவில்லை. நான் மட்டும் படித்தேன். நாலைந்து முறை படித்தேன்.

அப்படித்தான் கேட்டேன். அந்த வார்த்தைகளேதான். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அன்று எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. பிள்ளை இல்லாதவள் என்று கல்யாண வீடுகளில் என்னைப் பின்னால் நிற்க வைப்பார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

ஒரு குருவியைத் தர முடியாது நாச்சா. பிடிவாதம் இல்லை. ஒரு நாள்கூடப் பிரிக்காதே என்று நீதான் எழுதினாய். அதுவும் இப்போது முடியவே முடியாது. போன வாரம் நாலு முட்டை இட்டிருக்கிறது, புளியங்கொட்டை அளவு, சுத்த வெள்ளை. ஆணும் பெண்ணும் முறை வைத்து உட்காருகின்றன. ஒன்று எழுந்தால்தான் மற்றது உள்ளே போகிறது. கதவைத் திறந்தாலே எட்டிப் பார்க்கின்றன, அதனால் அறைக்குள் யாரையும் விடுவதில்லை. பெரியவரைக்கூட விடுவதில்லை.

குஞ்சு பொரித்து, அது தானாகத் தின்னப் பழகியதும் இரண்டு குஞ்சை நானே கொண்டுவந்து தருகிறேன். அவன் வாங்கிய ஜோடிக்குப் பிறந்தது, அதுவும் அவனுடையதுதானே. நீ கதவைத் திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

மற்றதைப் பற்றி எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை.

கண்ணம்மை


ஈப்போ,
14 ஜூலை 2024

நாச்சா,

பெண் குருவி செத்துப்போய்விட்டது. நான்தான் கொன்றேன்.

வெள்ளிக்கிழமை ராமுவின் நட்சத்திரம். வழக்கமாகக் கூடத்தில் மட்டும்தான் சாம்பிராணி போடுவேன். அன்றைக்கு அவன் அறையில் அவன் படத்துக்கு முன்னால் போட வேண்டும் என்று தோன்றியது. தூபக்காலில் கைநிறையப் போட்டேன். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வாசனை பிடிக்கும். புகை அறைக்குள்ளேயே தங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் படையலுக்குச் சமைக்கப் போனேன். சன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து இலையோடு போய்க் கதவைத் திறந்தால் கண்ணே தெரியவில்லை.

ஆண் கம்பியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பெண் முட்டை மேலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு போகவில்லை, ஆனால் உயிர் இல்லை. மங்களம் ஓடிவந்து கூண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். "பொகை ஆகாது ஆச்சி, எங்க அண்ணன் கோழிக்குஞ்சு இப்படித்தான் அத்தனையும் போச்சு. நான் இன்னிக்கு லேட்டா வந்திருக்கக் கூடாதுலா, மொதல்லயே இருந்தா சொல்லிருப்பேன்" என்று அழுதாள். புகை என்றால் நமக்குச் சாமி காரியம். அது ஒரு உயிரை எடுக்கும் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

மூங்கில் கூட்டிலிருந்து அதை எடுத்ததும் ஆண் உள்ளே போய் முட்டை மேல் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு மூன்றாம் நாள். தின்ன மட்டும் இறங்குகிறது.

நேற்று காலை நான் பறவைக் கடைக்குப் போனேன். அதே சாம்பல் நிறம், அதே மூக்கு, எல்லாம் ஒரே அச்சு. ஒன்றை வாங்கிக் கூண்டில் விட்டுவிட்டால் உனக்கு எப்படித் தெரியும்? கடைக்காரன் பிடித்துப் பெட்டியில் போடப் போனான். வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். உனக்குச் சேர வேண்டியதை மறைத்து வைப்பது எனக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை செய்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். பிறகு எனக்குத் தைரியம் வராது.

நாலு மணிக்கு டாக்டர் வரச் சொன்னது உண்மை. உங்கள் பெரியவர் கோயிலுக்கு அர்ச்சனை செய்யப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். போன் என் கையில்தான் இருந்தது. உன் பெயரை எடுத்து அமுக்கப் போனேன். அப்போது ராமு கண்ணைத் திறந்து, "ஆத்தாளுக்குச் சொல்லிட்டீங்களாம்மா?" என்றான். என்னை அம்மா என்பான், உன்னை ஆத்தா என்பான், உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட என்னை ஆத்தா என்று கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் சொன்னேன், "சொல்லிட்டேன்யா, வந்துக்கிட்டு இருக்கா."

சொல்லவில்லை நாச்சா. போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். நீ வந்துவிட்டால் அவன் உன்னைத்தான் பார்ப்பான். நான் எழுந்து உனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம், ஒரு மாலைப் பொழுது மட்டும், நான் ஒருத்தியே அவனுக்குத் தாயாக இருந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். அவன் போய்விடுவான் என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி தாங்கிவிடும் என்று நினைத்தேன். ஆறு மணிக்கு மூச்சு மாறியதும் பயந்துபோய் உனக்குப் போன் அடித்தேன்.

அந்த நேரம் முழுக்க அவன் என்னைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணம்மை


பாகான் செராய்,
22 ஜூலை 2024

ஆச்சிக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்று நான் சமைக்கவில்லை. இவர்கள் என்ன என்று கேட்டார்கள், தலைவலி என்றேன். கடிதத்தைக் காட்டவில்லை. காட்டினால் அண்ணன் தம்பி உறவு அத்தோடு முடிந்துவிடும். அது எனக்கு வேண்டாம்.

முதலில் குருவி. புகை ஆகாது என்று எனக்குத் தெரியும். ராமு வளர்த்தபோது கூண்டு கொல்லையில் இருந்தது, ஆனாலும் வெள்ளிக்கிழமை நான் தூபம் காட்டி வரும்போது ஓடிவந்து கூண்டுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பான், "ஆத்தா, அந்தப் பக்கம் போ" என்பான். உங்களுக்கு எழுதும்போது தினை, முட்டை, கணவாய் ஓடு எல்லாம் எழுதினேன். காற்று ஆகாது என்று சொல்லிச் சன்னலை அடைக்க வைத்ததும் நான்தான். புகையை எழுதவில்லை. உங்களைத் திட்டுவதற்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது, அந்த ஒரு வரிக்கு இல்லை. அதனால் அந்த உயிர் உங்கள் கணக்கில் மட்டும் இல்லை.

ஆண் குருவியை முட்டையிலிருந்து எழுப்பாதீர்கள். இதற்குள் ஒன்றிரண்டு பொரித்திருக்கலாம். பொரிக்காவிட்டால் அதுவே ஒரு நாள் எழுந்துவிடும், அப்போது முட்டைகளை எடுத்துவிடுங்கள். முட்டை மசித்து வைப்பதை நிறுத்தாதீர்கள். இந்தச் சாதி தனியாக இருந்தால் தின்னாது. அப்புறமாகத் துணைக்கு ஒன்று வாங்குவோம், அவசரம் இல்லை.

மற்றது. உங்களை நான் மன்னிக்கவில்லை ஆச்சி. மன்னித்துவிட்டேன் என்று எழுதி, கிழித்துப் போட்டு, மறுபடி எழுதுகிறேன். முடியவில்லை. பதினொரு வயசில் ஒரு தடவை, இருபத்தொன்பதில் ஒரு தடவை, இரண்டு முறை என்னிடமிருந்து அவனை எடுத்துக்கொண்டீர்கள். அது அப்படியேதான் இருக்கும்.

ஆனால் நாலைந்து நாளாக எனக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆத்தா வந்துகொண்டிருக்கிறாள் என்று நீங்கள் சொன்னதை அவன் நம்பியிருக்கிறான். நான் வழியில் இருக்கிறேன் என்று நினைத்துத்தான் கதவைப் பார்த்திருக்கிறான். பொய்தான். அந்தப் பொய்க்காக உங்களை அடிக்கலாம் போலவும் இருக்கிறது, உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருக்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? இவர்களிடம் ராமு என்று வாயைத் திறந்தால் எழுந்து கடைக்குள் போய்விடுகிறார்கள். பெரியவன் போனில் "உடம்பப் பாத்துக்குங்க ஆத்தா" என்கிறான். பக்கத்து வீட்டுப் பிரமிளா, போனது போகட்டும் என்கிறாள். அவனைப் பற்றி நாள் முழுக்கப் பேசினாலும் கேட்டுக்கொண்டிருக்க இந்த உலகத்தில் உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. என் தலையெழுத்து அது.

சனிக்கிழமை காலை வருகிறேன். தனியாகத்தான் வருகிறேன். குருவியைப் பார்க்க வரவில்லை, அவன் துணிமணியையும் கேட்க வரவில்லை. பெரியவரை எங்காவது அனுப்பிவிடுங்கள்.

நாலு மணியிலிருந்து ஆறு நாற்பது வரைக்கும் நீங்கள் அவன் பக்கத்தில் இருந்தீர்கள். அவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், தண்ணீர் கேட்டானா, கை சூடாக இருந்ததா, கதவு திறக்கும்போதெல்லாம் அவன் முகம் எப்படி இருந்தது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒன்றையும் விடாமல், எனக்கு வலிக்கும் என்று பார்க்காமல், முதலிலிருந்து சொல்லுங்கள். நான் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

நாச்சாள்